அறுபத்திரண்டாம் தாள்

அதிகாலை மூன்றுக்கு நான் ரொட்டிக்கடைக்குக் கிளம்பும்போது
ரேலிகா இன்னும் படுக்கப் போயிருக்கவில்லை.
சமையலறை மேசையில் ஒளிப்பலகை,
அதன்மேல் தாள், தாள்மேல் தாள்.
அடியில் இருப்பவன் மேலே கசிகிறான்.
வெளியே தார்த்து நகரம்
டிசம்பர் இருட்டில் ஊறிக் கிடக்கிறது.
ஆற்றுப் பாலத்தில் பனிவாரும் வண்டி மட்டும்
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு.

"தாவெத், ஒரு கொட்டாவி விடு."
"வரவில்லையே."
"மூன்று மணிக்கு எழுந்தவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?"
சொல்லி முடிக்குமுன் வந்துவிட்டது.
பூட்ஸ் நாடா பாதி கட்டியபடி
நான் வாய் பிளந்து நிற்க,
அவள் பென்சில்
சுவருக்குள் எலி பிறாண்டுவதுபோல் ஓடியது.

ஓநாயாக மாறும் மனிதன்.
அதுதான் அவளுடைய இறுதித் தேர்வு.
நொடிக்குப் பன்னிரண்டு படம்,
எட்டு நொடி,
தொண்ணூற்றாறு தாள்.
முதல் தாளில் நான்.
கடைசித் தாளில் ஓநாய்.
நடுவில் இருப்பவற்றுக்குப் பெயர் கிடையாது,
எண் மட்டும் உண்டு,
வலது மூலையில், வட்டமிட்டு.

வகுப்பில் கேட்டார்களாம்:
எலும்பு எப்போது முறிகிறது?
சட்டை எங்கே கிழிகிறது?
நிலாவே இல்லையே?
ஒன்றும் முறியாது என்றிருக்கிறாள்.
அவன் கொட்டாவி விடுகிறான்.
பாதியில் நிறுத்த முடியவில்லை.
அவ்வளவுதான்.

நவம்பரில் ஒருமுறை சுத்தமாக வரைந்து பார்த்தாள்,
ஒரே கோடு, ஒரே தடிமன்.
ஓநாய் குளியல்தொட்டி பொம்மைபோல் வந்தது.
அந்தத் தாள்களின் முதுகில்தான் இப்போது
கடைப் பட்டியல் எழுதுகிறோம்:
உருளைக்கிழங்கு, மோர், தீப்பெட்டி.
அதன் பிறகு அழிப்பானைத் தொடவில்லை அவள்.
தவறான கோட்டின்மேல் இன்னொரு தவறான கோடு,
அதன்மேல் மூன்றாவது.
எந்தத் தாளிலும் தாடை அதே இடத்தில் இல்லை.
சும்மா நிற்கும்போதுகூட அவன்
காயும் பாலின் ஆடைபோல் நடுங்குகிறான்.

அறுபத்திரண்டில் மூன்று நாள் நின்றாள்.
"ஐம்பதுவரை நீ. எழுபதிலிருந்து அது.
இங்கே யார் என்று தெரியவில்லை."
மாவு எந்த நிமிடத்தில் உப்புகிறது என்று
நானும் பார்த்ததில்லை என்றேன்.
"நீ போ, பேருந்து போய்விடும்" என்றாள்.

அன்று மதியம் கைகளில் மாவு வாசனையோடு திரும்பினேன்.
அவள் நாற்காலியிலேயே உறங்கிக்கொண்டிருந்தாள்.
விளக்கு அணையவில்லை.
அறுபத்திரண்டாம் தாள் முடிந்திருந்தது.
கண்கள் இறுக மூடி,
வாய் ஒரு கிணறு,
காது எந்தப் பக்கம் போவதென்று யோசிக்கிறது.
மோவாயில் மூன்று முடி.

அவை என்னுடையவை அல்ல.
எங்கள் கடையில் தினமும் மழிக்க வேண்டும், அது விதி.
குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால்,
அவள் துண்டுக்கு அடியில்,
அவள் தினமும் ஒளித்துவைக்கும் சிறு இடுக்கியை
எனக்குத் தெரியாததுபோல்
இரண்டு வருடமாக நடந்துகொள்கிறேன்.
அன்றும் அப்படியே.
விளக்கை அணைத்தேன்.
மூன்று முடியும் இருட்டோடு போயின.

ஜனவரியில் திரையிட்டார்கள்.
சிறிய அறை, இருபது பேர்,
ஈரக் கோட்டுகள் வெப்பக்குழாய்மேல் ஆவிவிட்டுக்கொண்டு.
ஒலி இல்லை. எட்டே நொடி.
"மறுபடி" என்றது ஒரு குரல்.
மறுபடி.
மூன்றாம் முறை ஓடும்போது
முன்வரிசையில் பச்சைக் கழுத்துத்துணிக்காரர்
மெல்ல வாயைப் பிளந்தார்.
அவரிடமிருந்து பக்கத்துப் பெண்ணுக்கு,
அவளிடமிருந்து பின்வரிசைக்கு.
கைமறைவையும் மீறி
கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாய்
திரை வெளிச்சத்தில் மின்னின.

ரேலிகா திரையைப் பார்க்கவேயில்லை.
அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
மோவாயைத் தடவியபடி.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அது எங்கே போய் முடியும் என்று
அந்த அறையில் எனக்குத் தெரியாதா?